போர்டிகோ போதாது, பட்டறை வேண்டும்!

பழங்காநத்தம் பக்கம் புதிதாக வீடு கட்டுகிற யாரிடமாவது பிளானை வாங்கிப் பாருங்கள். வாஸ்துப்படி பூஜை அறை இருக்கும். இரண்டு பெட்ரூம், அதில் ஒன்றுக்கு அட்டாச்டு பாத்ரூம். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போகிற விருந்தாளிக்குக்கூட ஒரு அறை இருக்கும். வாசலில் பத்துக்குப் பதினெட்டு அடியில் போர்டிகோ, தரைக்கு வழுவழு டைல்ஸ். ஆனால் அந்த வீட்டில் நிற்கிற இரண்டு டூவீலரையும் ஒரு காரையும் திறந்து பார்க்க, ஸ்பேனர் மாட்டி வைக்க, கழற்றின நட்டை உருண்டு ஓடாமல் வைக்க ஓர் இடம்? கிடையாது. கேட்டால் சிரிப்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பிளான் போட்டபோது, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னப் பட்டறை மாதிரி விடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். கொத்தனார் அண்ணன் சொன்ன பதில்: "எதுக்கு தம்பி, அங்கிட்டு ஷூ ஸ்டாண்ட் வைக்கலாம்ல?" அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்காரர் கேட்பதைத்தானே அவர் கட்டுவார்!

என் கட்சி இதுதான். வண்டி நிறுத்த இடம் விடுகிற ஒவ்வொரு வீடும், அந்த வண்டியில் கை வைக்கவும் இடம் விட வேண்டும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி வண்டி வாங்குகிறோம். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கடைசிவரை தெரியாமலே ஓட்டி, விற்றுவிட்டு, அடுத்ததை வாங்குகிறோம். பெட்ரோல் டேங்க் மூடியைத் தவிர வேறு எதையும் திறந்ததே இல்லை என்றால் அந்த வண்டிக்கு நாம் சொந்தக்காரரா, வெறும் டிரைவரா?

இந்த ஊரிலா இப்படி?

வேறு ஊர் என்றால்கூட விட்டுவிடலாம். 1999-ல் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரும் வரைக்கும் திருநெல்வேலி, நாகர்கோவில் என்று தெற்கே போகிற பஸ்கள் எல்லாம் பழங்காநத்தத்திலிருந்துதான் கிளம்பின. பக்கத்திலேயே டிவிஎஸ் நகர். 1911-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிற பகுதி. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அந்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டுகிற கேஸ் பிளான்ட் செய்து வண்டிகளில் மாட்டியது. 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகு பஸ் அரசாங்கத்துடையது ஆனது. ஸ்பேனர் பிடித்த கைகள் அதே மதுரைக் கைகள்தான்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த பையன், கிளட்ச் வயர் அறுந்தால் வண்டியை ஜெய்ஹிந்த்புரம் வரை தள்ளிக்கொண்டு போகிறான். அதிலும் பாதிப் பேர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள்! ஆட்டோ சைக்கிளுக்கும் டீசல் சைக்கிளுக்கும் பி-வி டயகிராம் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். சொந்த வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்று என்றால் முழிப்பான். லேபில் பத்துப் பேருக்கு ஒரு இன்ஜின், அதுவும் ஏற்கெனவே வெட்டி வைத்தது, வேடிக்கை பார்க்க மட்டும். வீட்டிலும் இடமில்லை. அப்புறம் எங்கேதான் கற்றுக்கொள்வது?

கை கறுத்தால் கௌரவம் போய்விடுமா?

உண்மையான காரணம் இடப் பற்றாக்குறை இல்லை என்பது என் சந்தேகம். "படிச்ச பிள்ளை கையில் கிரீஸா?" என்கிற நினைப்புதான். ஸ்பேனர் பிடிப்பது படிக்காதவன் வேலை என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டை வீட்டுப் பிளானிலும் போட்டுவிட்டோம்.

இதே சமூகம்தான் மேடைக்கு மேடை, "ஆப்பிள் கம்பெனி ஒரு கராஜில் பிறந்தது, எச்.பி. கம்பெனி ஒரு கராஜில் பிறந்தது" என்று கை தட்டுகிறது. சரி, உங்கள் வீட்டு கராஜ் எங்கே சார்? :-)

அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும்? கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு போதும். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் முழுசாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஒற்றைப் பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். பிரித்துப் பார்க்க இடமும் துணிச்சலும் இருந்ததால் வந்த வினை!

வழக்கமான நான்கு சாக்குகள்

1. "மெக்கானிக் பிழைப்பில் மண்ணைப் போடலாமா?"

இது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்தான் மெக்கானிக்கிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர். ஒரு தடவையாவது வெயிலில் உட்கார்ந்து செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றிப் பாருங்கள், அப்புறம் பேரம் பேச வாய் வராது. நாம் வீட்டில் செய்யப்போவது ஆயில் மாற்றுவது, பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ மாதிரிச் சில்லறை வேலைகள். இன்ஜின் இறக்குகிற நாளில் அவரிடம்தான் போவோம். போகும்போது என்ன கோளாறு என்று சொல்லத் தெரிந்து போவோம்.

தெரு மெக்கானிக்கின் வயிற்றில் நிஜமாக அடித்தது யார்? கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடுவதில்லை என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. 2022-ல் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' பற்றிக் கமிட்டி போட்டபோது அதன் பட்டியலில் வாகனங்களும் இருந்தன. வீட்டுப் பட்டறைக்காரனும் தெரு மெக்கானிக்கும் இதில் ஒரே கட்சி.

2. "இடம் ஏது?"

கணக்குப் போடுவோம். மூன்று சென்ட் மனை என்றால் சுமார் 1,307 சதுர அடி. ஒரு டூவீலரைச் சுற்றி வந்து வேலை பார்க்க எட்டுக்குப் பத்து அடி தாராளம். எண்பது சதுர அடி. மனையில் ஆறு சதவீதம்! காருக்கு வேண்டுமானால் போர்டிகோவையே பன்னிரண்டுக்கு இருபது ஆக்குங்கள். ஸ்விஃப்ட் மாதிரிக் கார் சுமார் பன்னிரண்டரை அடி நீளம், ஐந்தே முக்கால் அடி அகலம். இரண்டு பக்கமும் மூன்றடி, முன்னால் ஒரு மேசை, எல்லாம் அடங்கிவிடும். அபார்ட்மென்டா? கீழே பார்க்கிங்கில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மூலை, ஒரு மேசை. ஜிம்முக்கு இடம் விடுகிற அசோசியேஷன் இதற்கு விடாதா?

3. "பிஎஸ் 6 வண்டியில் எல்லாம் கம்ப்யூட்டர். நீ என்ன செய்வாய்?"

2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 வந்ததும் டூவீலரில்கூடப் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. நிஜம்தான். ஆனால் டயர், பிரேக், செயின், பேட்டரி, ஆயில் எல்லாம் பழையபடி நட்டும் போல்ட்டும்தானே? காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகி மொபைலில் கோளாறு எண்ணைப் படிக்கலாம். சரி செய்ய வராவிட்டாலும், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்றாவது தெரியும். வாரண்டி இருக்கும் வரை சர்வீஸை கம்பெனியிலேயே விடுங்கள். பிறகு?

4. "ஆபத்து!"

இது மட்டும் நியாயமான கேள்வி. அதனால்தான் நடைபாதையிலும் டைல்ஸ் தரையிலும் செய்யாதே, முறையான இடம் கட்டு என்கிறேன்.

கட்டுவது என்றால் இப்படிக் கட்டுங்கள்

தரை: டைல்ஸ் வேண்டவே வேண்டாம். ஆயில் சொட்டினால் வழுக்கும், ஜாக்கி வைத்தால் விரியும். நன்றாகத் திம்சு போட்ட மண் மேல் நான்கைந்து அங்குலம் கான்கிரீட். வண்டி தூக்குகிற இடம் சமதளமாக இருக்க வேண்டும்.

ஜாக்கி: ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கினபின் காருக்கு இரும்பு ஸ்டாண்ட் கொடுக்காமல் கீழே தலையை நீட்டாதீர்கள். ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுக்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

குழி: பழைய ஒர்க்‌ஷாப்பைப் பார்த்து வீட்டிலும் குழி வெட்ட ஆசைப்படுவார்கள். வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழிக்குள் இறங்கித் தேங்கும், ஒரு பொறி போதும். ஐப்பசி மழையில் அது கிணறாகவும் ஆகும்.

காற்று: நான்கு பக்கமும் அடைத்த அறையில் இன்ஜினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொல்லும். எதிரெதிராக இரண்டு பக்கம் திறப்பு இருக்கட்டும், இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுவது வாசலுக்கு வெளியே இருக்கட்டும். மேற்கில் மட்டும் சுவர் வையுங்கள். இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் திறந்த இன்ஜினுக்குள் மண்தான் போகும். வெறும் தகரக் கூரை சித்திரை வெயிலுக்கு அடுப்பு. மாடிக்குக் கீழ் இடம் கிடைத்தால் அதுவே உத்தமம்.

கரண்ட்: கம்ப்ரஸருக்கு 15 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம். ஒரே லைட் என்றால் நம் நிழல்தான் வேலை மேல் விழும்.

மேசை: இடித்த வீட்டுக் கதவு ஒன்று பழைய மரக்கடையில் கிடைக்கும். இரும்பு ஆங்கிளில் கால், மூன்றடி உயரம், கால் நிற்கிற ஓரத்தில் ஒரு வைஸ். முடிந்தது.

சாமான்: எட்டிலிருந்து பத்தொன்பது வரை ரிங் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், நல்ல ஸ்க்ரூ டிரைவர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ். அடுத்து கட்டாயம் ஒரு டார்க் ரெஞ்ச். "நல்லா இறுக்கு" என்று பலத்தைக் காட்டினால் அலுமினிய கேஸில் மரை போய்விடும். பத்து ரூபாய் போல்ட்டுக்குப் பல்லாயிரம் தண்டம்.

பழைய ஆயில்: இதில் மட்டும் நான் யாருக்கும் வக்காலத்து வாங்கமாட்டேன். ஒரு தடவை ஆயில் மாற்றும்போது வெளியே வருகிற பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். நம் நாட்டில் 2016 விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கிருதுமால் நதி சாக்கடையான கதையைக் கண் முன்னால் பார்த்த ஊர் இது. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க முடியாதவர் பட்டறையே வைக்க வேண்டாம்.

தொடக்கூடாதவை: ஏர் பேக், ஹைபிரிட் மற்றும் எலெக்ட்ரிக் காரின் ஆரஞ்சு நிற வயர். அதில் ஓடுவது உயிரை எடுக்கிற வோல்டேஜ். சைலன்சரை மாற்றி 'டமடம' என்று தெருவை அலற வைக்கவும் இந்தப் பட்டறை இல்லை. அது சட்டப்படியும் குற்றம். இரவு எட்டு மணிக்குமேல் கிரைண்டர் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார், அவர் பக்கம்தான் நான்.

முடிவாக

வீடு கட்டுகிற அப்பா அம்மாக்களே, பிள்ளை இன்ஜினியர் ஆக வேண்டும் என்று கோச்சிங்குக்கும் காலேஜுக்கும் லட்சங்கள் கொட்டுகிறீர்கள். அதோடு ஒரு எண்பது சதுர அடியும் கொடுங்கள். பொண்ணு இருந்தால் அவளுக்கும் அதே ஸ்பேனரைக் கொடுங்கள், வண்டி ஓட்டுகிறவள் வழியில் நின்றால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஷூ ஸ்டாண்டை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அந்த இடத்தை விட்டுவிடுங்கள், ப்ளீஸ்!