அழித்த குறிப்பும் அழியாத பழியும்

"விண்வெளிக் கதைதானே! சிறுவர்களின் பொழுதுபோக்கு" என்று அறிவியற் புனைகதைகளைத் தள்ளிவிடுவோர் நம்மிடையே உண்டு. விண்கலங்களும் விந்தை முகங்களும் கண்ணைப் பறிப்பதால், அவற்றின் பின்னே நிற்கும் மனிதக் கேள்விகள் அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை. நல்ல நோக்கத்திற்காகத் தீய செயலைச் செய்யலாமா? செய்தால் அதன் விலையை யார் கொடுப்பது? பழைமையான இக்கேள்விகளை எழுப்பும் இரண்டு தொலைக்காட்சிக் கதைகளை இங்கே ஒப்பிட விழைகிறேன். அவை போட்டித் தொடர்கள் இரண்டில் வந்தவை என்பது ஒப்பீட்டிற்குச் சுவை கூட்டுகிறது.

1993ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடங்கியது. அடுத்த மாதமே 'பாபிலோன் 5' தொடரின் முன்னோட்டப் படம் வெளிவந்தது. இரண்டும் விண்வெளி நிலையத்தில் நிகழும் கதைகள். பல இனத்தார் கூடும் சந்தையும், தூதர்களின் பூசலும், வரப்போகும் பெரும்போரும் இரண்டிற்கும் பொது. பாபிலோன் 5-ஐப் படைத்த ஜே. மைக்கேல் ஸ்டிரசின்ஸ்கி, தம் திட்டத்தை ஸ்டார் டிரெக்கைத் தயாரிக்கும் பாரமவுண்ட் நிறுவனத்திடம் முன்னரே காட்டியதாகக் கூறினார். 'யார் யாரைப் பார்த்து எழுதினார்' என்ற வழக்கு இரசிகர்களிடையே நெடுங்காலம் நடந்தது. அந்த வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு தொடர்களும் என்ன விடை தந்தன என்பதே நம் ஆய்வுக்குரியது.

முதலில் டீப் ஸ்பேஸ் நைன். 1998 ஏப்ரலில் வந்த 'இன் தி பேல் மூன்லைட்' என்னும் கதை அது. டொமினியன் என்ற வல்லரசோடு நடக்கும் போரில் கூட்டரசு தோற்றுக்கொண்டிருக்கிறது. நிலையத்தின் தலைவன் சிஸ்கோ, வெள்ளிக்கிழமைதோறும் மாண்டோர் பட்டியலை அறிவிப்பில் இடுகிறான். ஒதுங்கி நிற்கும் ரோமுலன் பேரரசு தங்கள் பக்கம் வந்தாலன்றி மீட்சியில்லை என்று உணர்கிறான். டொமினியன் ரோமுலன்களைத் தாக்கத் திட்டமிடுவதாக ஒரு பொய்ச் சான்றை உருவாக்க, முன்னாள் உளவாளியான காரக்கின் துணையை நாடுகிறான். மேலிடமும் இசைவு தருகிறது. ஆனால் ரோமுலன் செனட்டர் விரீனாக் அந்தச் சான்று போலி என்று கண்டுகொள்கிறான். திரும்பும் வழியில் அவன் கலம் வெடித்துச் சிதறுகிறது. அது காரக் வைத்த குண்டு. போலிச் சான்றைச் செய்து தந்தவனும் கொல்லப்படுகிறான். பழி டொமினியன்மேல் விழ, ரோமுலன்கள் போரில் இறங்குகிறார்கள். சிஸ்கோ தன் அறையில் தனியே அமர்ந்து இவ்வளவையும் கணினிக் குறிப்பில் சொல்கிறான். இந்தக் குற்றத்தோடு தன்னால் வாழ முடியும் என்று திரும்பத் திரும்பக் கூறுகிறான். பின்பு அந்தக் குறிப்பு முழுவதையும் அழித்துவிடச் சொல்கிறான்.

இனி பாபிலோன் 5. 1995 பிப்ரவரியில் வந்து, அடுத்த ஆண்டு ஹியூகோ விருது பெற்ற 'தி கமிங் ஆஃப் ஷேடோஸ்' என்னும் கதை. சென்டாரி இனம் ஒரு காலத்தில் நார்ன் இனத்தை அடிமைகொண்டு வதைத்த இனம். அதன் முதிய பேரரசர், நார்ன் மக்களிடம் மன்னிப்புக் கேட்பதற்காகவே நோயுற்ற உடலோடு நிலையத்திற்கு வருகிறார். சொல்ல வந்ததைச் சொல்லுமுன் சாய்ந்து விழுகிறார். சென்டாரித் தூதன் லோண்டோவோ பழைய பெருமையை மீட்கும் வெறியில், 'நிழல்கள்' எனப்படும் மறைசக்தியை ஏவி நார்ன் குடியிருப்பு ஒன்றைத் தாக்கச் செய்கிறான். உதவியாளன் வீர், வேண்டாம் என்று மன்றாடுகிறான், லோண்டோ கேட்கவில்லை.

இதற்கிடையே, பேரரசரைக் கொல்லக் காத்திருந்த நார்ன் தூதன் ஜிகாரிடம் அந்த மன்னிப்புச் செய்தி மருத்துவர் வழியே சேர்கிறது. ஜிகார் நெஞ்சம் கனிந்து, தன் பகைவன் லோண்டோவைத் தேடி வந்து ஒரு கோப்பை மது வாங்கித் தருகிறான். பேரரசர் நலம்பெற வாழ்த்துகிறான். தாக்குதல் செய்தி ஜிகாருக்கு இன்னும் எட்டவில்லை. ஏவியவனோ எதிரிலேயே அமர்ந்திருக்கிறான்! லோண்டோவாக நடித்த பீட்டர் ஜுராசிக்கின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும். செய்தி வந்தபின் ஜிகார் கதறி விழுவதையும், போர் அறிவிப்பதையும் கண்டவர் எளிதில் மறவார்.

இரண்டு கதைகளிலும் ஒருவன் மறைவாகத் தீங்கு செய்து போரை மூட்டுகிறான். நடிப்பிலும் உரையாடலிலும் இரண்டும் சிறந்தவை. 'வாழ முடியும்' என்று சிஸ்கோ இரண்டாம் முறை சொல்லும்போதே, முடியாது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆயினும் அறத்தின் தராசில் 'தி கமிங் ஆஃப் ஷேடோஸ்' கனமானது என்பதே என் துணிபு. காரணம் இரண்டு.

முதலாவது, அது பாதிக்கப்பட்டவனை நம்முன் நிறுத்துகிறது. சிஸ்கோவின் கதை மாண்டோர் பட்டியலில் தொடங்குகிறது. ஆனால் அது அவன் பக்கத்துப் பட்டியல். ஏமாற்றிப் போருக்குள் இழுக்கப்பட்ட ரோமுலன் வீரர்களின் பட்டியலை எந்த வெள்ளிக்கிழமை, யார் இட்டார்கள்? அவர்களின் தாய்மாரை நாம் காண்பதில்லை. லோண்டோவின் கதையிலோ பாதிக்கப்பட்ட இனத்தவன் ஒருவன் கையிலிருந்தே குற்றவாளி மது வாங்கிக் குடிக்க நேர்கிறது.

இரண்டாவது, விளைவு. சிஸ்கோவின் செயல் 1999இல் தொடர் முடியும்வரை வெளிப்படவேயில்லை. குறிப்பு அழிந்தது, கணக்கும் தீர்ந்தது. பாபிலோன் 5 அப்படி விடவில்லை. நார்ன் தாயகம் குண்டுமாரியில் நொறுங்குவதை லோண்டோ ஒரு போர்க்கலத்தின் சாளரத்தருகே நின்று தன் கண்ணாலேயே காண்கிறான். 1996இல் வந்த ஒரு கதையில் இறந்த பேரரசரின் மனைவி வந்து, மீட்சிக்கான வாய்ப்புகள் இன்னும் உள்ளன என்று அவனுக்கு உரைக்கிறாள். அந்த வேடம் ஏற்றவர் மேஜல் பேரட். ஸ்டார் டிரெக்கைப் படைத்த ஜீன் ராடன்பெரியின் மனைவி! போட்டித் தொடர்களிடையே இத்தகைய நல்லுறவும் இருந்தது. 1998இல் லோண்டோ பேரரசனாகிறான். ஆனால் பிறர் ஆட்டுவிக்கும் கைதியாகவே அரியணை ஏறுகிறான். வினை விதைத்தவன் வினை அறுத்தான்.

"லோண்டோ பேராசையால் செய்தான், சிஸ்கோ தன் மக்களைக் காக்கச் செய்தான். இருவரையும் ஒரே தட்டில் வைப்பது முறையா?" என்று நண்பர்கள் வினவுவர். நியாயமான வினா. நோக்கத்தால் சிஸ்கோவே மேலானவன், அதில் ஐயமில்லை. ஆனால் நான் எடைபோடுவது மனிதர்களை அன்று, கதைகளை. நோக்கம் நல்லதாக இருக்கும்போதுதான் பாதிக்கப்பட்டவனை மறப்பது நமக்கு எளிதாகிறது. கொடியவன் செய்த கொடுமையை உலகம் எண்ணி வைக்கும். நல்லவன் 'வேறு வழியில்லை' என்று செய்ததையோ நாமே குறிப்பிலிருந்து அழிக்கத் துணைபோவோம். ஆகவே சிஸ்கோவின் கதைக்கே ஒரு ஜிகார் மிகுதியும் தேவைப்பட்டான், அவன் வரவில்லை.

ஸ்டிரசின்ஸ்கி ஐந்தாண்டுக் கதையை முன்கூட்டியே வகுத்து, 110 பகுதிகளில் 92-ஐத் தாமே எழுதினார். அதனால் விளைவைத் தொடர்ந்து காட்ட அவருக்கு வசதி இருந்தது. பல எழுத்தாளர் கூடி எழுதிய தொடருக்கு அது கடினம் என்பதை ஒப்புகிறேன். கடினமே ஆயினும், ஒரு ரோமுலன் விதவை ஒரே ஒரு காட்சியில் சிஸ்கோவின் கதவைத் தட்டியிருக்கலாம்.

மாணவ நண்பர்களே! இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். யார் வென்றார் என்பதை விடுத்து, அந்த வெற்றிக்கு உயிர் கொடுத்தவர் யார், அவர் திரையில் வந்தாரா என்று கேளுங்கள். செய்தித்தாளைப் புரட்டும்போதும், வரலாற்று நூலைத் திறக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்கப் பழகினால், விண்வெளிக் கதை பார்த்த பொழுது வீண்பொழுது ஆகாது.