வெள்ளம் வருமுன் வரைபடம் பாருங்கள்!



மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. ஏரியைத்தான் காணோம்! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் தூர்த்து மனை போட்டதில் பிறந்ததுதான் தியாகராய நகர். நம் வியாபாரிகள் பலர் கடை வைத்திருக்கும் பூமி அது. 2021 நவம்பரில் அங்கே தெருக்களில் தண்ணீர் தேங்கியபோது, மாம்பலம் கால்வாய் அடைபட்டதுதான் காரணம் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் ஓர் ஏரி வாங்கிய தண்ணீரை ஒரு கால்வாய் வாங்குமா?

கடைகளை இடித்துவிட்டு ஏரி வெட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இனி நடக்கப்போவதைப் பற்றியே பேசுகிறோம். மண் தரையில் பெய்யும் மழையில் ஒரு பகுதி உள்ளே இறங்கும், மீதி மெல்ல நகரும். அதே இடத்தில் சிமெண்ட் தளம் போட்டால் அவ்வளவும் ஒரே நேரத்தில் பள்ளத்தை நோக்கிப் பாயும். மேட்டில் ஒருவர் கட்டும் கட்டடம், பள்ளத்தில் இருப்பவரின் சரக்கை நனைக்கிறது. 2015 டிசம்பரில் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதற்குப் பெருமழை மட்டுமா காரணம்? அடையாறு விரிந்து ஓட வேண்டிய இடத்தில் வீடுகள் நின்றன.

அடையாற்றுக்குத் தெற்கே வேளச்சேரி, பெருங்குடிப் பக்கத்து மழைநீரை வாங்கிக் கடலுக்கு அனுப்புவது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். குப்பைமேடும் கட்டடங்களும் தின்றது போக எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரங்கள் என்ன ஆகும்? அதை மழை தீர்மானிப்பதில்லை. நில உபயோக வரைபடத்தில் பூசும் வண்ணம் தீர்மானிக்கிறது!

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. இன்று கடை தொடங்கும் இளைஞர், தன் மகனிடம் சாவியைக் கொடுக்கும் காலம் வரை செல்லும் திட்டம் இது! வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபனையைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கட்டுமான முதலாளிகள் வரி விடாமல் படிப்பார்கள். நாம்?

2015-இல் படகோடும் சோற்றுப் பொட்டலத்தோடும் ஓடிய இளைஞர்களே! குழுமத்தின் அலுவலகத்துக்கும் போங்கள். உங்கள் பகுதியின் நீர்நிலைகளை சர்வே எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். நாளிதழ்களின் மூலையில் பொடி எழுத்தில் வரும் நில உபயோக மாற்ற அறிவிப்புகளை வெட்டி வையுங்கள். வியாபாரிகள் சங்கத்தின் பெயரில் மனு கொடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள்.