சாய்ந்த கதையையும் சொல்லுங்கள்

போன தை மாதம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் 4 கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதையோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் நான் கொடுத்தது 2 கிலோ. ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். 2 கிலோ வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரணும். நெல் ஜெயராமன் ஐயா வைத்த ஏற்பாடு. எனக்கும் முதல் விதை அப்படித்தான் கிடைத்தது.

அந்தப் பையைக் கையில் வாங்கியபோது வந்த நிறைவு, நெல் விற்ற காசை எண்ணும்போதுகூட எனக்கு வந்ததில்லை. ஆனால் அந்தத் தம்பிக்கு நான் முதலில் செய்தது நல்லதல்ல.

மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும், 160 நாள் பயிர். முதல் வருடம் ரசாயனத்தை விட்ட வேகத்தில் தொழுவுரத்தை வண்டி வண்டியாகக் கொட்டினேன். போதாததுக்கு கதிர் வரும் நேரத்திலும் மீன் அமிலம் தெளிச்சேன். பயிர் கருகருன்னு நின்னுச்சு, ரோட்டுல போறவங்க நின்னு பாத்துட்டுப் போனாங்க. மார்கழிக் கடைசியில் பெய்த மழையில், ஒரே ராத்திரியில் பாய் விரிச்ச மாதிரி படுத்துடுச்சு. தண்ணியில கிடந்த கதிர் அப்படியே முளைச்சுப் போச்சு.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டு வந்தவர்களிடம் பின்னால் வந்த நல்ல வருடங்களை மட்டும் சொன்னேன். இயற்கை விவசாயத்தைக் கேலி பேசுறவங்க வெறும் வாய்க்கு அவல் கொடுக்க வேண்டாமேன்னு நினைச்சேன். கொஞ்சம் கௌரவமும்தான், மறைப்பானேன்.

தம்பி ஒரு ஏக்கர் ஒற்றை நாற்று நட்டார். வீட்டு நகையை அடகு வைத்துத்தான் நடவு. நான் செய்த அதே தப்பைச் செய்தார், அதே மாதிரி சாய்ந்தது. வயலில் நின்றுகொண்டு கேட்டார்: “உங்களுக்கு இப்படி ஆனதே இல்லியாண்ணே?” ஆச்சுன்னு சொன்னேன். “அப்ப ஏன் சொல்லல?” பதில் இல்லை என்னிடம்.

நம் கூட்டங்களில் அமிர்தக் கரைசலுக்கு எத்தனை கிலோ சாணம், பஞ்சகவ்யாவை எத்தனை நாள் கலக்கணும் என்று சொல்கிறோம். அதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. எப்போது தெளிக்கக் கூடாது என்பது, தெளித்துக் கெட்டவனிடம்தான் இருக்கிறது. அவனோ பெரும்பாலும் கூட்டத்தில் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். மேடைக்கு அழைக்க வேண்டியது அவனை.

இப்போது யார் வந்தாலும் முதலில் அந்தப் பள்ள வயலுக்குத்தான் கூட்டிப் போகிறேன். சிலர் பயந்து திரும்பிப் போகிறார்கள். போகட்டும். மற்றவர்கள், முதல்ல 20 சென்ட்டில் ஆரம்பிக்கிறோம் என்கிறார்கள். அது போதும்.

தம்பி விடவில்லை. மறு வருடம் எருவைக் குறைத்தார், தூர் கட்டியதோடு மீன் அமிலத்தை நிறுத்தினார். அவர் ஊரில் நடவுக்கு வரும் ஒரு பாட்டி இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கதிர் கருக்கட்டும் முன்பே இலை நுனியை அரிவாளால் அறுத்துவிட்டால் பயிர் அவ்வளவு உயரம் போகாதாம். எனக்கு இது தெரியாது. விதைப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, எந்த உயரத்தில் அறுக்கணும்னு அரை மணி நேரம் கையை வைத்துக் காட்டினார். நான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தச் சம்பாவில் பாதி வயலை அறுக்கப் போகிறேன், பாதியை அப்படியே விடப் போகிறேன். தையில் வந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே காட்டுகிறேன்.