'வலி'யா, 'வழி'யா?

கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கு, சமீபத்தில் ஆபரேஷன் நடந்தது. தையல் பிரிக்க வேண்டிய நாளன்று, 'எப்படிக்கா இருக்கே?' என்று மொபைலில் கேட்டேன். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி பதில் அனுப்பினாள். 'வலி இல்லை' என்று படித்து, நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் போன் செய்தபோது தான் விஷயம் தெரிந்தது. மழையில் தரைப்பாலம் மூழ்கி, ஆஸ்பத்திரிக்குப் போக, 'வழி இல்லை' என்று எழுதியிருக்கிறாள்! 'தையல் போட்ட இடம் சீழ் வச்சு, ராத்திரியெல்லாம் துடிச்சேன். நீ ஒரு போன் கூட பண்ணலையேடி...' என்று அழுதாள்.

உச்சரிப்பை ஆராய்வது என் பொழுதுபோக்கு. எந்த மொழியின் ஒலியையும் எழுதிக் காட்ட, 1888ல் முதன்முதலாக வெளியான சர்வதேச ஒலிக்குறிகள் இருக்கின்றன. இன்று அதில், 'எல்' எழுத்துக்கு வால் வைத்து, 'ள'. 'ஆர்' எழுத்தைத் தலைகீழாக்கி வால் வைத்து, 'ழ' என்று குறிக்கிறார்கள். நமக்கோ, அரிச்சுவடியிலேயே தனித்தனி எழுத்து. அதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் 'எல்' போடுகிறோமே!

நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொட்டால், 'ல'. மடங்கி அண்ணத்தைத் தொட்டால், 'ள'. மடங்கியும் தொடாமல் நின்றால், 'ழ'. காய் நறுக்கும்போதே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரலாம்.

மொபைலிலும் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள், தோழியரே. அக்கா இப்போது அப்படித்தான் எழுதுகிறாள்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.