பவளம் வளர்க்கும் பெரிய மனிதர்

ராஜபாளையத்தில் என் நண்பர் ஒருவர் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்த்தார். சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பினால், பவளம் சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடக்கிறது! மின்சாரம் நின்றதாம், குளிர்விக்கும் இயந்திரமும் நின்றதாம். பழி மின்சாரத்தின் மேல்!

நான் ஒப்பமாட்டேன். பவளம் கல்லல்ல, உயிர். சூடு ஏறினால், அதன் உடம்புக்குள் குடியிருந்து சோறு போடும் பாசி வெளியேறிவிடும். மன்னார் வளைகுடாப் பவளத் திட்டுகளே 2010-லும் 2016-லும் சூடு தாங்காமல் வெளுத்தன. இந்தத் தொட்டித் தண்ணீர் எம்மாத்திரம்? விசிறி வைத்தால் குளிரும். ஆனால் நீர் வற்றி உப்பு ஏறும், நல்ல தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். தம் நாய்க்குச் சோறு வைக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருந்தார், மகானுபாவர்!

அடுத்த மாதம் புதுப் பவளம் வாங்கப் போகிறாராம். "பாட்டரியில் ஓடும் விசிறி ஒன்று வாங்கினீரா?" என்றேன்.

"அதற்கு வேறு செலவா?" என்கிறார்.