அடுப்பு எரிகிறது, ஆடுகளம் எங்கே?

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலை உச்சியிலே கொப்பரையில் தீபம் ஏற்றுகிறார்கள். நெய் கொடுக்க ஆயிரம் கைகள், கண்டு களிக்க இலட்சக்கணக்கில் மக்கள்! அதே ஊரில், பள்ளி நடக்கும் நாளெல்லாம் வேறொரு தீயும் எரிகிறது. அதைக் காண எவரும் கூடுவதில்லை. அரசுப் பள்ளியின் சமையற்கூடத்திலே சத்துணவு ஊழியர் மூட்டுகிற அடுப்புத் தீ அது. மலைமேல் எரிவது பக்தர் நெஞ்சைக் குளிர்விக்கிறது என்கிறார்கள்; நாம் மறுக்கவில்லை. பள்ளி அடுப்பில் எரிவது பச்சிளங் குழந்தையின் வயிற்றைக் குளிர்விக்கிறது. பாட்டாளியின் கண்ணுக்கு இதுவும் தீபமே!

தோழர்களே, இந்த அடுப்பு தானாக மூண்டதல்ல. 1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைமை தாங்கிய சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு தரத் தீர்மானித்தது. செலவு எவ்வளவு தெரியுமா? பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல்! அந்த ஓரணாவும் வெள்ளையராட்சியின் கண்ணை உறுத்திற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக்கூடாது என்றார்கள். 1925 ஏப்ரலில் அடுப்பு அணைந்தது.

அணைந்த அடுப்பை 1956ல் மாநிலம் தழுவி மூட்டியவர் காமராசர். கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்றார். நெல்லும் காயும் விறகும் மக்களே தந்தார்கள். 1982 சூலை 1ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989ல் கலைஞர் ஆட்சியிலே தட்டில் முட்டை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010ல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2022 செப்டம்பர் 15ல் மு.க.ஸ்டாலின் மதுரையிலே காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதற்கட்டம் 1,545 பள்ளிகள். 2025 ஆகஸ்டு 26ல் நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது சென்றடைந்தது.

கொடிகள் பல, ஆட்சிகள் பல, ஆனால் அடுப்பு ஒன்று. வந்தவர் எவரும் அதை அணைக்கத் துணியவில்லை. ஏன்? பிள்ளையின் பசி, வாக்குச்சாவடி வரை வந்து பேசும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

கோயில் ஊருக்கு அன்னதானம் புதிதல்ல. கிரிவலம் வருவோருக்கு வழியெங்கும் உணவளிக்கும் நல்ல மனம் படைத்தோர் இங்கே ஏராளம். ஆனால் தானம் வேறு, உரிமை வேறு. தானம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது; இன்று உண்டு, நாளை இல்லாமற் போகலாம். உரிமையோ கேட்டுப் பெறுவது. 2001 நவம்பர் 28ல் உச்சநீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தந்தாக வேண்டுமென ஆணையிட்டபோது, தமிழ்நாட்டுக் குழந்தை அதற்கு வெகு காலம் முன்பே தட்டேந்தி அமர்ந்திருந்தது. நாம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

ஆனால், தலைநிமிர்ந்து நின்றால் போதுமா? வயிற்றுக்கு வழி செய்தோம். அந்த வயிற்றைச் சுமக்கும் உடலுக்கு?

சோறு உடலுக்குள் செல்வது. சோற்றை எலும்பாகவும் தசையாகவும் உரமேற்றுவது ஓட்டமும் ஆட்டமும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைக்கு அந்த ஒரு மணி கிடைக்கிறதா? கால அட்டவணையிலே விளையாட்டுப் பாடவேளை இருக்கும். தேர்வு நெருங்கினால் கணக்குக்குப் போகும். பாடம் முடியவில்லையென்றால் அறிவியலுக்குப் போகும். பந்து அலமாரிக்குள்ளே தூங்கும்! சோற்றிலே ஒரு பிடி குறைந்தால் ஊரே கேட்கிறது. விளையாட்டிலே ஒரு மணி குறைந்தால் கேட்க நாதியில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. விளையாட்டுக் கருவிகள் வேண்டும் என்கிறது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை நூறு பேருக்கு மேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 2012ல் தமிழகத்தில் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்ற கதையைத் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலி நிலையில்லாதவரை நிறுத்திவைத்து, பிள்ளையின் உடலை நிமிர்த்தச் சொன்னால் எப்படி நிமிரும்?

இங்கே நம் வீட்டுக்குள்ளேயே எழும் ஒரு குரலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். “நாள் முழுதும் மூட்டை தூக்கி நான் முதுகொடிந்தேன். என் மகனாவது உட்கார்ந்து படிக்கட்டும், விளையாட்டு எதற்கு?” என்கிறார் உழைக்கும் தோழர். அந்தச் சொல்லிலே வேதனை இருக்கிறது, அதை மதிக்கிறோம். ஆனால் தோழரே, மூட்டை உம் உடலைத் தேய்த்தது. விளையாட்டு உம் மகன் உடலை வளர்க்கும். இரண்டும் ஒன்றல்ல. உட்கார்ந்தே வளரும் உடலைத் தேடி நோய்கள் இளமையிலேயே வருகின்றன. சர்க்கரை நோய் சீமான் வீட்டு நோய் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று கூலிக்காரர் குடிசையிலும் அது குடியிருக்கிறது.

பெண் பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குடம் சுமப்பதையும் தம்பியைத் தூக்குவதையுமே அவளுக்கு உடற்பயிற்சி என்று கணக்கெழுதி விடுகிறோம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்றது. இரும்புச்சத்து மாத்திரையும் முட்டையும் கீரையும் முதலில் சேர வேண்டியது அவளுக்கு. மைதானத்தில் பாதியும் அவளுக்கு!

உலகம் இதை எப்போதோ உணர்ந்தது. போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்த பிரிட்டன், ஏழை வீட்டு இளைஞர் பலர் துப்பாக்கி தூக்கவும் தெம்பற்று நின்றதைக் கண்டு திடுக்கிட்டது. விசாரணைக் குழு அமைத்தது; 1906ல் பள்ளியுணவுச் சட்டம் செய்தது; 1907ல் பள்ளி மருத்துவச் சோதனைக்கு வழி வகுத்தது. அவர்களுக்குப் படைவீரன் வேண்டியிருந்தது. நமக்கு வேண்டியது நோயற்ற குடிமகன், நிமிர்ந்து நடக்கும் குடிமகள்.

திருவண்ணாமலையிலே இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. பெருகும் பக்தர் கூட்டத்துக்கு விடுதி வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும். திடலுக்கெல்லாம் விலை ஏறுகிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பெரியவர் நடக்க அத்தனை நீளப் பாதை உள்ள ஊரில், பிள்ளை ஓட நூறு கெசம் இல்லையென்றால் வெட்கமல்லவா? மேற்கே ஜவ்வாது மலையிலே சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்கு ஓட இடமுண்டு. சொல்லித்தர ஆள் வேண்டும், முட்டை தவறாமல் மலையேற வேண்டும்.

ஆகவே, செயல்வீரர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவிலே பெற்றோருக்கு இடமுண்டு. அங்கே வாய் திறவுங்கள். இந்த வாரம் விளையாட்டுப் பாடவேளை எத்தனை நடந்தது என்று கேளுங்கள். மைதானம் யார் பெயரில் இருக்கிறது, எல்லைக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கலாகாது என்பது 2020ஆம் ஆண்டு விதி. அது ஏட்டிலே இருக்கிறதா, தெருவிலே இருக்கிறதா என்று கவனியுங்கள். காலை உணவு 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கென வகுத்த திட்டம். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளைக்குக் காலைப் பசி நின்றுவிடுமா என்று ஆட்சியாளரிடம் கேளுங்கள். சமையலருக்கு முறையான ஊதியம் கேளுங்கள்.

ஓரணாவுக்காக நூறாண்டுக்கு முன் வாதாடியவர்கள் இருந்ததால்தான் இன்று அடுப்பு எரிகிறது. ஒரு மணி நேரத்துக்காக இன்று நாம் வாதாடினால், நாளை மைதானம் நிறையும். பசி நீங்கிய பிள்ளை எழுந்து ஓடட்டும். வழிவிடுவது மட்டுமல்ல நம் கடமை. வழி அமைப்பதும் நம் கடமை!