காலின் நோயும் இருதய சிகிச்சையும்



சற்றுத் தூரம் நடந்தவுடன் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் தணிகிறது, நடந்தால் திரும்பவும் வருகிறது. இதனை வாதமென்றும் முதுமையென்றும் கருதித் தைலம் தேய்த்தே காலங்கழிப்போர் நம் குடும்பங்களில் பலர். ஆனால் இவ்வகை வலிக்குப் பெரும்பாலும் காரணம், காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகுவதேயாம். புகை பிடிப்போரையும் நீரிழிவு நோயாளரையும் இது மிகுதியாகப் பற்றும். இத்தகையோருக்கு இருதயக் குழாய்களிலும் அடைப்பு இருப்பது அரிதன்று.

காலுக்கு அறுவை சிகிச்சை தேவை என மருத்துவர் கூறியதும், "முதலில் இருதயத்தைச் சரி செய்துவிட்டால் அச்சமில்லையே" என்று வீட்டார் எண்ணுவது இயல்பு. நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கான 18 மருத்துவ நிலையங்களில் இதனை முறையாக ஆராய்ந்தனர். இருதய நோய் கட்டுக்குள் இருந்த 510 பேருள் ஒரு சாராருக்கு, இரத்தக் குழாய் அறுவைக்கு முன்னர் இருதயத்தில் பைபாஸ் அல்லது ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டது. மற்றவர்க்கு மருந்து மட்டுமே. 2004-ல் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழ 2.7 ஆண்டுகளுக்குப் பின் இறந்தோர் முதற் சாராரில் நூற்றுக்கு 22, மற்றவரில் 23. வேற்றுமை என்று சொல்ல ஏதுமில்லை. முதற் சாராரோ, குழாய் அறுவைக்காக 18 நாட்களுக்குப் பதில் 54 நாட்கள் காத்திருக்க நேர்ந்தது. புண்ணாகிக் கருகத் தொடங்கிய காலுக்கு அது நீண்ட காலம்!

இருதயத்துக்கு இரத்தம் தரும் இடது பெருங்கிளையில் கடும் அடைப்புள்ளோர் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கும், ஓய்விலும் நெஞ்சுவலி வருவோர்க்கும் இருதய சிகிச்சையே உயிர்காக்கும். அதனை மறுப்பது நம் நோக்கமன்று.

ஆயினும் கால் குழாய் நோயாளருக்கு அச்சிகிச்சையில் ஆபத்து கூடுதல் என்பதை வீட்டார் அறிந்திருத்தல் நலம். பைபாஸின்போது சுண்ணம் படிந்த பெருந்தமனியைக் கருவியால் கவ்வுகையில், துகள்கள் பெயர்ந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் விளைவிக்கலாம். காலிலிருந்து சிரையை எடுத்த இடமோ, இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் ஆறத் தாமதிக்கும். ஆஞ்சியோபிளாஸ்டியிலும் தொடைக் குழாய் அடைபட்டிருந்தால் கம்பியைச் செலுத்துவது கடினம். மணிக்கட்டு வழி செல்ல வேண்டியிருக்கும். செலுத்தும் சாயம் நலிந்த சிறுநீரகத்தை மேலும் வருத்தும். ஸ்டென்ட் வைத்தபின் இரத்தம் உறையாதிருக்க இருவகை மாத்திரைகள் தரப்படும். கால் அறுவைக்காக அவற்றை முன்கூட்டி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். நிறுத்தாவிடில் இரத்தப் போக்கு மிகலாம். சிலர் இம்மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். இது மிகவும் தவறு.

ஆகவே இருதய மருத்துவரிடம் செல்லும்போது கால்வலியை மறைக்காது கூறுங்கள். "நெஞ்சுக்கு வந்தோம், காலைப் பற்றி ஏன் பேசுவது?" என்று தயங்க வேண்டாம். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை உண்டு. கணுக்கால் அளவு கையளவில் 0.9 பங்குக்குக் குறைந்தால் காலின் குழாய் குறுகியதென்று பொருள். இரு கைகளிலும் அழுத்தத்தைப் பார்க்குமாறும் கேட்கலாம். இடக்கையில் அது வெகுவாகக் குறைந்திருப்பின், பைபாஸுக்கு முன்னரே அறுவை நிபுணர் அதனை அறிய வேண்டும்; ஏனெனில் அவர் பெரும்பாலும் பயன்படுத்தும் மார்பின் உட்குழாய், அந்தக் கைக்குச் செல்லும் தமனியிலிருந்தே கிளைக்கிறது.